ஆழ்ந்த இரங்கல்: வகுப்பறையில் வாய் தவறும்போது என்ன நடக்கிறது?

எங்கள் துறைக்குப் பேராசிரியர் ஒருவர் புதிய தலைவராக நியமிக்கப்பட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு அவருடையது. முதுகலை இரண்டாம் ஆண்டு, இருபத்தெட்டுப் பேர். வகுப்புப் பிரதிநிதி நான்தான் என்பதால் எழுந்து இரண்டு வரி வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே முடிவாகியிருந்தது. எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஐயா துறைத் தலைவராகப் பொறுப்பேற்பதை முன்னிட்டு எங்கள் வகுப்பின் சார்பில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றேன்.

ஒரு நொடி மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு கடைசி வரிசையில் ஒருவன் தும்மலை அடக்குவதுபோல் ஆரம்பிக்க, வகுப்பே வெடித்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை, அதற்குள்ளாகவா?" என்று கேட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு மாதம் அவர் அறை இருக்கும் பக்கத்துப் படிக்கட்டில் நான் ஏறவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்வந்தேன்.

இப்படி ஒரு சம்பவமாவது இல்லாமல் கல்லூரியை முடித்தவர் அபூர்வம். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சொல் வாய்க்கு எப்படி வந்தது? வந்துவிட்ட பிறகு ஏன் இத்தனை நாள் துரத்துகிறது? முதல் கேள்விக்கு விடை நாக்கிலும் மூளையிலும் இருக்கிறது. இரண்டாவதற்கு உளவியலாளர்கள் ‘ஸ்பாட்லைட் விளைவு’ என்றொரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான். ஆனால் நாக்கைக் கடந்துதான் அங்கே போக வேண்டும்.

நாக்கு எப்படி வழுக்குகிறது

சாதாரணப் பேச்சு எவ்வளவு வேகமான வேலை என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆங்கிலம் போன்ற மொழிகளில் இயல்பாகப் பேசுகிறவர் வினாடிக்கு 2 முதல் 3 சொற்களைச் சொல்கிறார். சொல்ல வேண்டிய கருத்து முதலில் உருவாக வேண்டும். அதற்கேற்ற சொற்கள் நினைவுக் கிடங்கிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அவற்றின் ஒலிகள் வரிசைப்பட வேண்டும். அதன் பிறகுதான் உதடும் நாக்கும் அசைகின்றன. இவ்வளவும் ஒன்றன் பின் ஒன்றாக, நிறுத்தாமல், அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டே நடக்கிறது. இதில் ஆயிரம் சொல்லுக்கு ஒன்று வழுக்குகிறது என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. இத்தனை நெருக்கடியில் ஒன்றுதானா என்றுதான் எனக்குத் தோன்றும்.

வழுக்குவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒலிகள் இடம் மாறலாம். ‘பேனா மூடி’ என்று சொல்லப்போய் ‘மேனா பூடி’ என்று வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் 1903 முதல் 1924 வரை தலைவராக இருந்த வில்லியம் ஆர்ச்சிபால்ட் ஸ்பூனரின் பெயரால்தான் இந்தப் பிழைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பூனரிசம்’ என்ற பெயர் வந்தது. அவர் சொன்னதாக உலவும் வேடிக்கைகளில் பெரும்பாலானவை மாணவர்கள் கட்டிவிட்டவை. வாய் தவறுகிறவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், தவறாதவையும் அவர் கணக்கிலேயே எழுதப்படும்.

சில நேரம் முழுச் சொல்லே மாறிவிடும். மாமனார் என்பதற்கு மாமியார், வலது என்பதற்கு இடது. மூளை ஒரே அலமாரியில் வைத்திருக்கும் பொருள்களில் பக்கத்தில் இருப்பதை எடுத்துவிடுகிறது. வீட்டில் அம்மா நம்மைக் கூப்பிடுவதற்குள் அண்ணன் பெயர், தங்கை பெயர் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார், இல்லையா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் இதை ஆராய்ந்து, பெயர் மாறுவது பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்துக்குள்தான் நடக்கிறது என்று கண்டார்கள். குடும்பத்தாரின் பெயர்ப் பட்டியலில் வீட்டு நாயின் பெயரும் சேர்ந்திருந்ததுதான் அதில் வேடிக்கை.

ஆசிரியரை ‘அம்மா’ என்று கூப்பிட்டுவிட்டு மாணவர்கள் நெளிவதும் இந்த வகைதான். நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்த் துறையில் பேராசிரியையை ‘அம்மா’ என்றால் அது மரியாதை. வருகைப் பதிவுக்கே ‘உள்ளேன் அம்மா’ என்பார்கள். அதே வளாகத்தில், எல்லோரும் ‘மேடம்’ என்று அழைக்கும் இயற்பியல் வகுப்பில் அதே சொல் தப்பி விழுந்தால் சிரிப்பு கிளம்பும். சொல் ஒன்றுதான். அது எந்தக் கட்டடத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து மரியாதையாகவோ கேலியாகவோ ஆகிறது.

இனி என் ‘இரங்கல்’. அதற்கு இரண்டு நாள் முன்னால், ஓய்வுபெற்ற அலுவலக ஊழியர் ஒருவர் காலமானதற்காக நடந்த கூட்டத்தில் இரங்கல் தீர்மானத்தை வாசித்தவன் நான். அன்று வகுப்பில் எனக்கு வர வேண்டியிருந்த சொல் ‘மனமார்ந்த’. வந்தது ‘ஆழ்ந்த’. இரண்டும் ‘ந்த’ என்று முடிபவை, இரண்டும் அதே மாதிரி வாக்கியத்தின் அதே இடத்தில் உட்காருபவை. ‘சார்பில் ஆழ்ந்த’ என்று வாயிலிருந்து வந்துவிட்டால் தமிழில் அடுத்தது என்ன? இரங்கல், இல்லையென்றால் அனுதாபம். எத்தனை நாளிதழ்களில், எத்தனை சுவரொட்டிகளில் படித்திருக்கிறோம்! பழகிய மாடு தானாகக் கொட்டிலுக்குத் திரும்புவதுபோல் நாக்கு அந்தத் தடத்தில் போய்விட்டது. தவறு ‘ஆழ்ந்த’ என்ற சொல்லில்தான் நடந்தது. ‘இரங்கல்’ அதன் வால்.

உள்மனம் பேசிவிட்டதா?

அன்று மாலை கேன்டீனில் நண்பர்கள் விடவில்லை. "அவர் தலைவராவது உனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் வெளியே வந்துவிட்டது" என்றார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. வியன்னாவில் ருடால்ஃப் மெரிங்கர் என்ற மொழியியலாளர், தன்னைச் சுற்றி இருப்பவர்களின் நாப்பிறழ்ச்சிகளைக் குறித்துவைத்துக்கொண்டே இருந்தார். 1895-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அவர் குறித்தவற்றில் ஒன்று, ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்துவிட்டதாக அறிவித்த சம்பவம். எதிர்ச்சொற்கள் மனத்தில் அருகருகே இருப்பதால் இப்படி நடக்கிறது என்பது மொழியியலாளர் வழி. அதே வியன்னாவில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1901-இல் வேறு விளக்கம் தந்தார். அந்தக் கூட்டத்தில் நல்லது எதுவும் நடக்காது என்று தலைவருக்குத் தெரிந்திருந்தது, சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற அவருடைய விருப்பமே வெளியே வந்துவிட்டது என்றார்.

ஃபிராய்டின் விளக்கத்தில் கதைச் சுவை கூடுதல். அதனால்தான் அது கேன்டீன் வரைக்கும் வந்து சேர்ந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1979-இல் மைக்கேல் மாட்லியும் பெர்னார்ட் பார்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். பங்கேற்றவர்கள் சொற்ஜோடிகளை வேகமாக வாசிக்க வேண்டும். ஒலிகள் இடம் மாறினால் வேறு பொருள் தரும்படி அந்த ஜோடிகள் அமைக்கப்பட்டிருந்தன. மின் அதிர்ச்சி கிடைக்கலாம் என்று சொல்லிப் போலி மின்கம்பிகள் பொருத்தப்பட்டவர்களுக்கு, அதிர்ச்சி தொடர்பான சொற்களாகவே வாய் அதிகம் தவறியது. மனத்தில் எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அது நாக்குக்கு அருகில் காத்திருக்கிறது என்பது வரை ஒப்புக்கொள்ளலாம். என் மனத்தில் இரண்டு நாளாக இரங்கல் தீர்மானம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அதில் ரகசியம் ஏதும் இல்லை. அந்தப் பேராசிரியர் எனக்கு மிகவும் பிடித்தவர்.

‘இதை மட்டும் சொல்லிவிடக் கூடாது’ என்று காவல் வைப்பதால் வரும் வம்பு இன்னொன்று. எப்போதும் நேரத்தைச் சொல்லி விரட்டும் ஓர் ஆசிரியருக்கு எங்கள் பக்கம் வைத்திருந்த பட்டப்பெயர் ‘மணிக்கூண்டு’. அவர் வழிகாட்டுதலில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நண்பன், அந்தப் பெயரை மறந்தும் சொல்லிவிடக் கூடாது என்று படியேறும்போதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். ஒருநாள் அவர் அறைக் கதவைத் தட்டி, உள்ளே தலையை நீட்டி, அவரிடமே கேட்டான்: "மணிக்கூண்டு சார் இருக்கிறாரா?"

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி 5 நிமிடம் நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நினைப்பு வருகிறதா என்று கண்காணிக்கவே அந்த நினைப்பைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பதற்றமோ களைப்போ சேர்ந்தால் காவல்காரனே கதவைத் திறந்துவிடுகிறான்.

வட்ட வெளிச்சம்

நாடக மேடையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவர் மீது மட்டும் விழச்செய்யும் வட்ட வெளிச்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் தவறிய பிறகு நாம் அந்த வட்டத்துக்குள் நிற்பதாகவே உணர்கிறோம். எல்லார் கண்ணும் நம் மேல், எல்லார் நினைவிலும் நாம். ‘ஸ்பாட்லைட் விளைவு’ என்பது இதுதான். இந்த உணர்வு எவ்வளவு தூரம் மிகை என்று அளந்து பார்த்தவர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக், கென்னத் சவிட்ஸ்கி ஆகிய மூவர். நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளை 2000-இல் வெளியிட்டார்கள்.

சோதனை எளிமையானது, கொஞ்சம் குறும்பும் கூட. ஒரு மாணவரைத் தனியே அழைத்து, பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். உருக்கமான மெல்லிசைப் பாட்டுகளுக்குப் பெயர்போன அவரை அந்தக் காலத்து மாணவர்கள் ரசிப்பதாகக் காட்டிக்கொள்ளவே கூச்சப்பட்டார்கள். டி-ஷர்ட்டோடு இன்னொரு அறைக்குள் அனுப்புவார்கள். அங்கே மேஜையைச் சுற்றி மற்ற மாணவர்கள் உட்கார்ந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். இவர் போய் நாற்காலியில் உட்காரப் போகும் நேரத்தில், ‘அவர்கள் வெகுதூரம் எழுதிவிட்டார்கள், நீங்கள் வெளியே இருங்கள்’ என்று திரும்ப அழைத்துக்கொள்வார்கள். பிறகு வராந்தாவில் கேள்வி: உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேர் உன் டி-ஷர்ட்டில் இருந்தவரைக் கவனித்திருப்பார்கள்?

ஏறக்குறைய பாதிப் பேர் என்று சராசரியாகச் சொன்னார்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டால், யார் படம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். கூச்சம் தராத, போட்டுக்கொள்ளப் பெருமையான படங்களை வைத்தும் பார்த்தார்கள்: மார்ட்டின் லூதர் கிங், பாடகர் பாப் மார்லி, நகைச்சுவை நடிகர் ஜெரி சைன்ஃபெல்டு. அப்போதும் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றே போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. குழு விவாதம் ஒன்றை நடத்திப் பார்த்தபோதும் இதே கதைதான். தாங்கள் சொன்ன நல்ல கருத்தும் சரி, உளறலும் சரி, மற்றவர்கள் கண்ணில் பட்டதைவிடப் பெரிதாகப் பட்டிருக்கும் என்றே ஒவ்வொருவரும் கணக்குப் போட்டார்கள். ஆக, வகுப்பில் நாம் சொன்ன அருமையான பதிலையும் யாரும் குறித்துவைத்துக்கொள்ளவில்லை. ஆறுதலோடு இந்தக் கசப்பையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படிக் கணக்குத் தப்புகிறது? நாம் நம் அனுபவத்திலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறோம். காது சூடாகி, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ‘சரி, மற்றவர்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்காது’ என்று அதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம். கழிப்பது போதவில்லை. கயிறு நீளமாக இருந்தாலும் நங்கூரம் போட்ட இடத்தை விட்டுப் படகு வெகுதூரம் போவதில்லை அல்லவா, அதுபோல. இதற்கு ஒரு சான்றும் அதே ஆய்வில் உண்டு. டி-ஷர்ட்டைப் போட்டவுடன் அறைக்குள் அனுப்பாமல் சிறிது நேரம் காத்திருக்க வைத்துப் பழகவிட்டவர்கள், கவனித்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தே சொன்னார்கள். உள்ளே சூடு ஆறியதும் கணக்கும் இறங்கியது.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. நம் உள் நடுக்கம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் வெளியே தெரிகிறது என்ற பிரமை. சவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப்போகும் மாணவர்களில் சிலரிடம் இந்தப் பிரமையைப் பற்றி முன்கூட்டியே விளக்கிவிட்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்கு அந்த முடிவும் ஒரு காரணம். சில விஷயங்கள் தெரிந்தாலே பாதி வேலை செய்துவிடும்.

நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள்

வெட்கம் வெளியே தெரிந்தால்தான் என்ன? 1982-இல் செமின், மான்ஸ்டெட் என்ற இரு உளவியலாளர்கள், சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் அடுக்கிவைத்த கழிப்பறைக் காகித உருளைகளைத் தட்டிவிடும் காட்சியைப் படம்பிடித்துப் பலரிடம் காட்டினார்கள். சங்கடப்பட்டவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது. ஒன்றும் நடக்காததுபோல் நின்றவர் மேல் அவ்வளவு பிரியம் வரவில்லை. ‘தவறிவிட்டது, எனக்கும் தெரிகிறது’ என்று சொல்லாமல் சொல்லும் அடையாளம் வெட்கம்.

அதற்கு நம்மிடம் அழகான ஒரு சைகை இருக்கிறது: நாக்கைக் கடித்துக்கொள்வது. ஜோனதன் ஹைட்டும் டாக்கர் கெல்ட்னரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், முக பாவனைகளை ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் அமெரிக்காவிலும் காட்டிப் பார்த்தார்கள். நாக்கைக் கடிக்கும் முகத்தை நம் நாட்டார் சங்கடம் என்று எளிதில் கண்டுகொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆகவே வாய் தவறினால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள், சரியான சொல்லைச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். மூன்று முறை மன்னிப்புக் கேட்காதீர்கள். முதல் மன்னிப்பைக் கேட்டுத் தலையாட்டியவர், மூன்றாவதைக் கேட்டபோதுதான் ‘அப்படி என்னதான் சொன்னான்?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பார்.

எல்லாவற்றுக்கும் இந்த மருந்து செல்லாது. வாய் தவறிய சொல் ஒருவரின் சாதியையோ உடலையோ தைத்துவிட்டால், எத்தனை பேர் கவனித்தார்கள் என்ற கணக்குக்கு அங்கே வேலையில்லை. அவரைத் தனியே பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கைபேசிக் காலமும் கணக்கை மாற்றிவிட்டது. கார்னெல் சோதனையில் யாரும் படம் பிடிக்கவில்லை. இன்று உளறிய முகம் மாலைக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகிவிடுகிறது. அது மறக்கவிடாத வெளிச்சம்.

தமிழ்வழியில் படித்து வந்து, முதலாம் ஆண்டில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல எழுந்து நிற்கிற பிள்ளையின் தயக்கமும் வேறு வகை. அங்கே வாய் தவறுவதை யாரும் வாய் தவறியதாக எடுத்துக்கொள்வதில்லை, ‘இவனுக்குத் தெரியாது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உதடு அசையும், சத்தம் வராது. பதில் வாய்க்குள்ளேயே சுற்றும். உச்சரிப்பை நையாண்டி செய்யும் ஓர் ஆசிரியர் அப்படி ஒருவரை ஆண்டு முழுவதும் உட்காரவைத்துவிட முடியும். அந்தப் பிள்ளையிடம் போய் யாரும் உன்னைக் கவனிக்கவில்லை என்று ஆறுதல் சொல்வது பொய். ஆசிரியரே கவனித்துச் சிரித்திருக்கிறாரே.

என் கதைக்கு வருகிறேன். பதினைந்து ஆண்டு கழித்து வகுப்புத் தோழி ஒருத்தியின் தங்கை திருமணத்தில் நான்கு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பாயசம் வரும் நேரத்தில் நானே பேச்சை எடுத்தேன்: "அன்றைக்கு நான் ஆழ்ந்த இரங்கல் சொன்னேனே." ஒருவனுக்கு நினைவே இல்லை. இன்னொருவன், "அது நீ இல்லையே, விடுதிச் செயலாளராக இருந்தானே, அவன்தான் சொன்னான்" என்று சாதித்தான். நான்தான் என்று எவ்வளவு சொல்லியும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் பின்பக்கப் படியேறியவன் நான்; பெயர் போனது அந்தச் செயலாளருக்கு.

மூன்றாவது தோழி இலையை மூடப்போனவள் நிறுத்தினாள். "அதை விடு. வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த அந்த அம்மையாரை நான் ‘அத்தை’ என்று கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? இன்றைக்கும் தூக்கம் வராத இரவில் அதுதான் வந்து நிற்கும்."

அவளுக்கு அடுத்ததாக அதே அறைக்குள் போகக் கதவருகே நின்றவன் நான். எவ்வளவு யோசித்தும் எனக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே நினைவு வரவில்லை.